எட்வர்டு டாக்கீஸ் கதைச்சுருக்கங்கள்

7-1-1937, வியாழன்

இன்று முதல் எனக்கு உத்தியோகம். அண்ணன் கொடுத்திருக்கிறார்.

அண்ணன் தாயுமானசாமி பிள்ளை போன வருஷம் திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு சினிமாக் கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்தார். புதுச் சக்கரவர்த்தியின் பெயரை வைத்தால் துரைமார் சந்தோஷப்படுவார்கள் என்று ‘எட்வர்டு டாக்கீஸ்’ என ஆளுயர எழுத்தில் எழுதி மாட்டினார். வர்ணம் காய்ந்த மறுவாரம் சக்கரவர்த்தி ஓர் அம்மாளைக் கட்டிக்கொள்வதற்காகச் சிம்மாசனத்தை விட்டு இறங்கிவிட்டார். “இது அந்த எட்வர்டு இல்லீங்க, அவரோட பாட்டனாரு” என்று அண்ணன் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கஷ்டம் அதோடு நிற்கவில்லை. மதராஸ் ஏஜெண்டிடம் அவர் கையெழுத்துப் போட்டு வந்த காகிதத்தின்படி, இங்கிலாந்தில் எடுத்த படங்கள் பன்னிரண்டை வரிசையாக ஓட்டியாக வேண்டும். அமெரிக்கப் படமென்றால் குதிரை ஓடும், ரயில் கவிழும். பாஷை தெரியாவிட்டாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். இங்கிலாந்துப் படத்தில் நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். எழுந்து அடுத்த அறைக்குப் போய் அங்கேயும் குடிக்கிறார்கள்.

“நீ கதையைத் தமிழ்ல நாலு வரி எழுதிக் குடு அகிலா. நோட்டீசு அடிச்சு வண்டியில விட்டா கூட்டம் வரும்” என்றார் அண்ணன்.

வியாழக்கிழமை காலை ரயிலில் படப்பெட்டி வரும். பிற்பகல் காலிக் கொட்டகையில் ஒரு தடவை ஓட்டிச் சரிபார்ப்பார்கள். அப்போது நான் பார்த்துக் கதைச்சுருக்கம் எழுத வேண்டும். கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதியில்லை, பாரிஸ்டர் சம்சாரமாம். சம்பளமும் இல்லை, அதே காரணம்.

பாரிஸ்டர் என்பது என் வீட்டுக்காரர், கும்பகோணம் சிதம்பரநாதன். எங்கள் கல்யாணம் முடிந்த எட்டாம் மாதம் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். வருஷம் 1930. மூன்று வருஷப் படிப்பை ஐந்து வருஷம் ஆழமாகப் படித்து முடித்து, இரண்டு வருஷமாக ஒரு பெரிய பாரிஸ்டரிடம் தொழில் பழகுகிறார் என்று மாமனாருக்குக் கடிதம் வந்திருக்கிறது. எனக்குக் கடைசியாக வந்த கடிதத்தில் லண்டன் மூடுபனியைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. மூடுபனி சௌக்கியம்.

இன்றைய படம்: ‘முத்துமாலை மர்மம் அல்லது மோசம்போன சீமாட்டி’. தலைப்பு அண்ணனுடையது. ஒரு சீமாட்டியின் மாலை காணாமல் போகிறது. மாளிகையில் இருக்கும் பன்னிரண்டு பேரையும் துப்பறிவாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். ஒவ்வொருவருக்கும் தேநீர். கடைசியில் மாலை சீமாட்டியின் தொப்பிப் பெட்டியிலேயே இருக்கிறது. அந்தப் பெட்டியை முதலிலேயே திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் படம் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

9-1-1937

முதல் காட்சிக்குப் பதினோரு பேர். அதில் மூவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

14-1-1937, பொங்கல்

பண்டிகையென்றாலும் படப்பெட்டி வந்துவிட்டது. அண்ணி மரகதம் பால் பொங்கும்வரை இருக்கச் சொன்னாள். இருந்துவிட்டுப் போனேன்.

இந்த வாரம் ஒரு பிரபு கார் ஓட்டியாக வேஷம் போட்டுக்கொண்டு ஒரு கர்னல் மகளைக் காதலிக்கிறார். அவள் அவரை ஏழை என்று நம்பி மனம் கலங்குகிறாள். இவர் பிரபு என்பது முதல் ரீலிலிருந்தே நாய்க்குக்கூடத் தெரிகிறது. அது அவர் காலைத்தான் நக்குகிறது. அவளுக்கு மட்டும் கடைசி ரீல்வரை தெரியவில்லை.

அண்ணியிடம் கதையைச் சொன்னேன். “ஏன், அந்தப் பொண்ணுக்கு ஆத்தா இல்லையா? ஒரு வார்த்தை எடுத்துச் சொல்ல மாட்டாளா?” என்றாள். யோசித்துப் பார்த்தால் இங்கிலாந்துப் படங்களில் எந்தக் கதாநாயகிக்கும் அம்மா இல்லை. கர்னல் அப்பா மட்டும் இருக்கிறார். அம்மா இருந்தால் கதை நடக்காது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

நோட்டீசில், ‘இதைக்கூடக் கண்டுபிடிக்காத பெண் உலகில் உண்டா? உண்டு! வந்து காணுங்கள்!’ என்று எழுதினேன். அண்ணன் இரண்டு தடவை படித்தார். கிண்டலா, விளம்பரமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

17-1-1937

நோட்டீசைப் படிப்பதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறதாம். படம் பார்க்க அல்ல. பாலக்கரையில் ஒரு முடிதிருத்தும் கடையில் உரக்கப் படித்துச் சிரிக்கிறார்களாம். படம் ஓட்டும் ஆபரேட்டர் ஞானப்பிரகாசம் வந்து சொன்னார். அதில் பாதிப் பேராவது உள்ளே வந்தார்களே என்று அண்ணனுக்கு ஆறுதல்.

21-1-1937, வியாழன்

மூடுபனியில் கொலை. யார் கொன்றது என்று தெரியாது, மூடுபனி. யார் செத்தது என்பதும் சரியாகத் தெரியவில்லை. செலவு மிச்சம், பின்னணிக்கு ஒன்றும் கட்ட வேண்டாம், புகை போட்டால் போதும்.

நடுவில் ஒரு நிமிஷம் பகல் வெளிச்சத்தில் லண்டன் தெரு ஒன்று வருகிறது. நிஜத் தெரு. பஸ், போலீஸ்காரர், நடைபாதையில் போகிற வருகிற ஜனங்கள். அந்த இடத்தில் படச்சுருள் கீறியிருக்கிறதோ என்று சந்தேகமாக இருந்ததால் ஞானப்பிரகாசத்தை மறுபடி ஓட்டச் சொன்னேன். மூன்று தடவை ஓட்டினார்.

“கீறலு ஒண்ணுமில்லம்மா, சுத்தமா இருக்கு” என்றார்.

“இருந்தாலும் பார்த்துக்கிறது நல்லதுங்க.”

நாலாவது தடவை நான் கேட்காமலே ஓட்டினார். கீறல் இல்லை. நடைபாதையில் போனவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள்.

25-1-1937

நான் படித்த கான்வெண்டிலிருந்து ஆள் வந்தது. மூன்றாம் பார வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டுமாம். வீட்டுக்காரர் கப்பலேறிய பிறகு பொழுது போகாமல் நான் இண்டர்மீடியட் தேறியது தலைமை மதருக்கு நினைவிருக்கிறது.

அண்ணனிடம் கேட்டேன். தாம்பாளத்தில் கைகழுவிக்கொண்டே, “எனக்கென்ன ஆட்சேபணை? மாமா சரின்னா சரி” என்றார். அண்ணனுக்கு எதிலும் ஆட்சேபணை கிடையாது. ஆட்சேபிக்க வேறு ஆள் வைத்திருக்கிறார்.

கும்பகோணத்துக்கு, மாமனாருக்கு எழுதிப் போட்டேன்.

1-2-1937, திங்கள்

மாமனார் மகாலிங்கம் பிள்ளையின் பதில் வந்தது. மாமா கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

‘சௌபாக்கியவதி அகிலாண்டத்துக்கு ஆசீர்வாதம். நம் சிதம்பரநாதன் இன்றோ நாளையோ வந்து மதராஸ் ஐகோர்ட்டில் நிற்கப் போகிறவன். இனிப் பணம் அனுப்ப வேண்டாம், என் சம்பாத்தியம் எனக்குப் போதும் என்று இரண்டு வருஷம் முன்பே எழுதிய ரோஷக்காரன். அப்பேர்ப்பட்டவனுடைய சம்சாரம் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடிப்பதாவது? கும்பகோணத்தில் நான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?’

மாமா தலைநிமிர்ந்து நடப்பதற்காக நான் உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தேழு வயதில் இது நல்ல உத்தியோகம்தான். ஓய்வு வயதே கிடையாது.

4-2-1937, வியாழன்

தலைவலி. நோட்டீஸ் எழுதவில்லை.

5-2-1937, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சாபீஸ் பையன் காத்திருந்து வாங்கிப் போனான். இப்போது நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

படம் ‘கணவாய்ச் சிங்கம் அல்லது காப்டனின் சபதம்’. நம் வடமேற்கு எல்லையில் நடக்கும் கதை. எல்லை பச்சைப் பசேலென்றிருக்கிறது, ஆட்டுக்குட்டிகள் மேய்கின்றன, தூரத்தில் மாதாகோயில் கோபுரம் மாதிரி ஒன்று தெரிகிறது, அதைச் சட்டென்று மறைத்துவிடுகிறார்கள். கோட்டையில் ஒரு கர்னல். கர்னலுக்கு மகள். மகளுக்கு அம்மா இல்லை. மலைச்சாதியார் கலகம் செய்யப் போகிறார்கள். காப்டன் முகத்தில் பூட்ஸ் பாலிஷைத் தடவிக்கொண்டு அவர்கள் கூடாரத்துக்கே வேவு பார்க்கப் போகிறார். அவருக்கு எல்லைப்புறத்துப் பாஷைகள் பதினெட்டும் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பாறைக்குப் பின்னால் காப்டன். இந்தப் பக்கம் நெருப்பைச் சுற்றி ஆறு கலகக்காரர்கள், பெரிய தலைப்பாகையும் ஒட்டுத்தாடியுமாகச் சதியாலோசனை செய்கிறார்கள். இடமிருந்து இரண்டாவது ஆள் பக்கத்து ஆளிடம் குனிந்து, பயங்கரமான முகத்தோடு, கட்டைக்குரலில் சொல்கிறான்:

“சோறு எப்பய்யா போடுவாங்க? காலையிலேர்ந்து நிக்கிறோம்.”

பக்கத்து ஆள் என்ன ஊரோ, ஒன்றும் புரியாமல் கொடூரமாகத் தலையாட்டுகிறான்.

பாறைக்குப் பின்னால் காப்டன் தன் தோழனிடம் திரும்பி, “விடியற்காலையில் தாக்கப் போகிறார்களாம்” என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறார்.

மேலே ஆபரேட்டர் அறையில் ஞானப்பிரகாசம் விழுந்து விழுந்து சிரித்தார். “அம்மா! தமிழு பேசுறான்மா! நம்மூரு ஆளும்மா!” என்று துவாரம் வழியாகக் கத்தினார்.

நம்மூர் ஆள்தான். குரல் எனக்குத் தெரியும். எட்டு மாதம் கேட்ட குரல். ஆனாலும் குரல் ஒன்றுபோல ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ரீலில் சண்டை. காப்டன் சுடுகிறார், மலைச்சாதியார் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். ஒரு கதறல், ஒரு சுழற்சி, தடாலென்று விழ வேண்டியது. எல்லோரும் அப்படித்தான் விழுந்தார்கள், ஒருவனைத் தவிர. அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, விழப்போகிற தரையை ஒருமுறை பார்த்து, அங்கியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கிக்கொண்டு, பதமாக உட்கார்ந்து, பிறகு செத்தான்.

கல்யாண மணையை அங்கவஸ்திரத்தால் இரண்டு தடவை தட்டிவிட்டு உட்கார்ந்த மாப்பிள்ளை கும்பகோணத்திலேயே ஒருவர்தான். எங்கள் வீட்டுப் பெண்டுகள் எல்லாம் சிரித்தார்கள்.

ஒலி சரியாக வருகிறதா என்று சோதிக்க வேண்டியிருந்ததால் அந்தக் கூடாரக் காட்சியை மறுபடி ஓட்டச் சொன்னேன். ஐந்தாவது தடவை ஞானப்பிரகாசம் கீழே இறங்கி வந்தார். சிரிப்பில்லை.

“யாரும்மா அது?” என்றார்.

“யாருமில்ல. தூசி, கண்ணுல விழுந்துட்டுது.”

ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே போனார். நல்ல மனிதர். கேட்டதை மறுபடி கேட்க மாட்டார்.

ஆக, பெரிய பாரிஸ்டரிடம் தொழில் பழகுவது இப்படித்தான் போலிருக்கிறது. கட்சிக்காரருக்காக உயிரையே கொடுக்கிறார்.

நோட்டீஸ்: ‘பதினெட்டுப் பாஷை அறிந்த காப்டன்! ஆனால் பத்தொன்பதாவது பாஷை ஒன்று உண்டு! அது எது? திருச்சி மகாஜனங்களே, உங்கள் காதாலேயே கேளுங்கள்!’

7-2-1937, ஞாயிறு

மூன்று காட்சியும் நிறைந்துவிட்டது. பெஞ்சு டிக்கெட் கிடைக்காதவர்கள் தரைக்கும், தரை கிடைக்காதவர்கள் அடுத்த காட்சிக்கும் காத்திருக்கிறார்கள். தேர்தல் கூட்டத்துக்குப் போக வேண்டியவர்களெல்லாம் எங்கள் கொட்டகையில்தானாம். அந்த வசனம் வந்ததும் தரை டிக்கெட்டில் விசில் பறக்கிறதாம். பெரிய கடைவீதியில் காய்கறிக்காரர்கள்கூட ஒருவரையொருவர் “சோறு எப்பய்யா போடுவாங்க?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். அண்ணி இன்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து அதையே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் வந்தது சிரிப்பு.

அண்ணன் ஏஜெண்டுக்குத் தந்தி கொடுத்து இரண்டாம் வாரத்துக்கும் படத்தை நிறுத்தி வைத்துவிட்டார். அவர் இன்னும் படம் பார்க்கவில்லை. படம் பார்க்கிறவர்களைத்தான் பார்க்கிறார்.

9-2-1937, செவ்வாய்

அண்ணன் நேற்று படம் பார்த்திருக்கிறார். இன்று காலை காபியைத் தொடவில்லை.

“இந்தப் படம் போதும். வெள்ளிக்கிழமை மாத்திரலாம்” என்றார் என்னைப் பார்க்காமல்.

கொட்டகை நிறையும்போது படத்தை எடுக்கும் முதல் முதலாளி அண்ணன்தான்.

“இரண்டாவது வாரத்துக்கு நீங்கதானே தந்தி குடுத்தீங்க அண்ணே?”

“குடுத்தா என்ன? ஜனங்க சலிச்சுட்டாங்க.”

“நேத்து வாசல்ல போலீசு வந்து வரிசை நிறுத்துச்சாமே.”

அவர் தலையை நிமிர்த்தினார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

“எப்போலேர்ந்து தெரியும்?” என்றார்.

“வியாழக்கிழமையிலேர்ந்து.”

“தெரிஞ்சுமா அப்படி ஒரு நோட்டீசு எழுதினே?”

“நீங்கதானே கூட்டம் வரணும்னீங்க.”

அண்ணன் எழுந்து கதவைச் சாத்தினார். அண்ணி காதில் விழக் கூடாதாம். தாழ்ந்த குரலில், “மூச்சு விடாதே அகிலா. தாடி இருக்கு, தலைப்பா இருக்கு, ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியாது. மாமாவுக்குத் தெரிஞ்சா உசிரை விட்டுருவாரு. நம்ம வீட்டு மானம் என்ன ஆறது?” என்றார்.

“அப்ப நான் என்னண்ணே பண்றது?”

“எப்பவும் போல இரு.”

எப்பவும் போல இருப்பதில் நான் கைதேர்ந்தவள். ஏழு வருஷப் பயிற்சி. ஆனால் கான்வெண்டு வேலைக்கு மாத முடிவுவரைதான் காத்திருப்பார்களாம்.

10-2-1937

ஏஜெண்டு படத்தை மாற்ற மறுத்துவிட்டாராம், இரண்டாம் வாரமும் அதே படம்தான். மாமாவுக்குக் கார்டு போட்டேன். ‘இங்கே எங்கள் கொட்டகையில் லண்டனில் எடுத்த படம் ஓடுகிறது. தாங்கள் அவசியம் பார்க்க வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் மாட்டினிக்கு வரவும்.’

பழிவாங்குவதற்காக அல்ல. மாமாவுக்கு லண்டன் என்றால் பிரியம்.

13-2-1937, சனி

காலை ரயிலில் மாமா வந்தார். பட்டுக்கரை வேஷ்டி, வெள்ளித் தடி. ஜங்ஷனிலிருந்து வரும் வழியிலேயே வண்டிக்காரரிடம், ‘எம்புள்ள லண்டன்ல பாரிஸ்டரு’ என்று சொல்லியிருக்கிறார். மாமா இறங்கும்போது வண்டிக்காரர் எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “மாமா களைச்சிருப்பீங்க, படம் கிடக்கட்டும்” என்றார். “லண்டன்ல எடுத்ததாமே, பார்க்காம விடுவேனா?” என்றார் மாமா. என்னிடம், “நீயும் வாம்மா, இங்கிலீசு எனக்கு யார் சொல்லுவா?” என்றார். அப்படித்தான் பாரிஸ்டர் சம்சாரம் முதல்முறையாக ஜனக்கூட்டத்தோடு நாற்காலி வரிசையில் உட்கார்ந்தாள்.

கோட்டை வந்தது. கர்னல் வந்தார். மாமா, “பெரிய மனுஷனாத் தெரியறாரு” என்று ரசித்தார். நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கூடாரக் காட்சி நெருங்க நெருங்க என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷத்தில் இந்த மனிதருடைய தலை கவிழப் போகிறது, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன் என்று அதுவரை ஒரு திருப்தி இருந்தது. இல்லையென்று எழுதினால் பொய்.

“சோறு எப்பய்யா போடுவாங்க? காலையிலேர்ந்து நிக்கிறோம்.”

கொட்டகை அதிர்ந்தது. விசில், கைத்தட்டல், தரையில் உருண்டு சிரிக்கிறார்கள். மாமா சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு தடியை ஊன்றி எழுந்தார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன்.

“சிரிக்காதீங்கய்யா!” என்று கத்தினார். “எம்புள்ளய்யா அது! எம்புள்ள பசிக்குதுங்கறான், நீங்க சிரிக்கிறீங்களேய்யா!”

ஒரு வரிசையாகச் சிரிப்பு அடங்கியது. பிறகு அடுத்த வரிசை. பிறகு பெண்கள் பக்கம். முன்னூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அமைதியில் காப்டன் மட்டும் திரையிலிருந்து, விடியற்காலையில் தாக்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமாவைக் கைத்தாங்கலாக அண்ணனின் அறைக்குக் கூட்டிப்போனேன். அண்ணன் கதவோரம் நின்றார். உட்காரவில்லை. மாமா சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

“பணம் அனுப்பாதேன்னு எழுதினானேம்மா” என்றார். “ரோஷக்காரன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நானும் நிறுத்திட்டேனே.”

“பரீட்சை தேறியிருக்க மாட்டாங்க மாமா. சொல்ல வெட்கப்பட்டிருப்பாங்க. அதான் பொய் எழுதியிருக்காங்க.”

“பொய்தான் சொன்னான். சொல்லட்டும். சாப்பிட்டுட்டுச் சொல்லட்டும்.”

நான் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் பல. சாக்பீஸ், தலைநிமிர்வு எல்லாம் அதில் இருந்தன. சோடாவை வாங்கிக் கீழே வைத்தேன்.

14-2-1937, ஞாயிறு

மாமா தந்தி கொடுக்க வேண்டுமென்றார். லண்டனில் கடைசியாக வந்த விலாசம் அவரிடம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுத நான் உட்கார்ந்தேன்.

“என்னன்னு எழுதட்டும் மாமா?”

நெடுநேரம் யோசித்தார். “சோறு இருக்கு, வா.”

“அவ்வளவுதானா?”

“அப்பான்னு கடைசியில போடு.”

அண்ணன் தாங்க முடியாமல், “மாமா, தபாலாபீசுல படிப்பாங்க, கொஞ்சம் கௌரவமா…” என்றார்.

“நீ சும்மா இரு தாயுமானம். கௌரவத்தைத்தான் ஏழு வருஷமாத் தின்னுக்கிட்டிருந்தோம்.”

கப்பல் டிக்கெட்டுக்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது.

பிறகு மாமா, “சாயந்தரம் எத்தனை மணிக்குப் படம்?” என்று கேட்டார்.

17-2-1937

நாலு நாளாக எல்லாக் காட்சிக்கும் மாமா வருகிறார். ஏழு வருஷமாகப் பார்க்காத மகனைக் காட்சிக்கு இரண்டு தடவை பார்க்கிறார், ஒருமுறை பசியோடு, ஒருமுறை சாக. சாகும் காட்சியில் கண்ணை மூடிக்கொள்கிறார். முடிந்ததும் நான் முழங்கையைத் தொட வேண்டும்.

இப்போது அந்த வசனத்துக்கு யாரும் சிரிப்பதில்லை. நேற்று வெளியூர் ஆள் ஒருவர் விசிலடித்தார். தரை டிக்கெட்டில் ஒருவர் எழுந்து, “யோவ், சும்மா இரு, அவரு அப்பா உள்ள இருக்காரு” என்று அடக்கினார். இடைவேளையில் பூக்காரி ஒருத்தி மாமாவின் நாற்காலிக்கு வந்து, “உங்க புள்ள நல்லா நடிச்சிருக்குங்க” என்றாள். மாமா முகம் மலர்ந்தது. “ஆமாம்மா, முகத்துல கோபம் நல்லா வருது” என்றார்.

அண்ணன் வாசல் பக்கம் வருவதில்லை.

அங்கி தூக்கிக்கொண்டு விழும் இடத்தை நான் மாமாவுக்காகத்தான் பார்க்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொள்வதால் யாராவது பார்த்தாக வேண்டும். தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. கப்பலேறும்போது அப்படி இல்லை.

18-2-1937, வியாழன்

படம் இன்றோடு கடைசி. நாளை மதுரைக்குப் போகிறது. “அடுத்து எந்த ஊரு?” என்று மாமா கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. மீனாட்சியைத் தரிசித்துப் பல வருஷமாகிவிட்டதாம். படப்பெட்டி போகும் அதே ரயிலில் டிக்கெட் எடுத்திருக்கிறார்.

ஞானப்பிரகாசம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். “திரும்பத் திரும்ப ஓட்டினதுல அந்தக் கூடார இடத்துல படம் அறுந்துடுச்சும்மா. ஒட்டிட்டேன். ஒட்டுல மிஞ்சினது இது.” வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நகக்கண் அளவு நாலு கட்டம். நாலிலும் இடமிருந்து இரண்டாவது ஆள்.

மாமாவிடம் மூன்றைக் கொடுத்தேன். நாலாவது எங்கேயோ விழுந்துவிட்டது. நான் தேடவில்லை.

19-2-1937, வெள்ளி

ரயில் நிலையத்தில் மாமா ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். “அந்தப் பள்ளிக்கூட வேலை இருக்காம்மா இன்னும்?”

“இருக்கு மாமா.”

“ஒத்துக்க. அவன் வந்தாலும் விடாதே. வீட்டுல யாராவது ஒருத்தர் சம்பாதிக்கணுமில்ல.”

24-2-1937

லண்டனிலிருந்து கும்பகோணத்துக்கு வந்த பதில் தந்தியை மாமா அப்படியே எனக்கு அனுப்பியிருக்கிறார். ‘மன்னிக்கவும். மார்ச் பத்தாம் தேதி கப்பல். அகிலா கோபமா?’

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து இதைக் கேட்டிருக்கிறார். இரண்டு பக்க மூடுபனிக்கு இது மேல்.

“சந்தோஷம்தானே?” என்றாள் அண்ணி. தெரியவில்லை. வந்து இறங்கட்டும். முதலில் சாப்பாடு போடுவேன். கோபம் பிறகு, அது எங்கேயும் போகாது.

அண்ணன் இந்த வாரப் படத்துக்கு நோட்டீஸ் கேட்டு வாசலில் நின்றார். பத்து நாளாக என்னிடம் பேசாதவர். “நாலு வரி போதும் அகிலா” என்றார், கெஞ்சுகிற குரலில். எழுதிக் கொடுத்தேன். மறுபடியும் ஒரு மாளிகை, ஒரு பிணம், பன்னிரண்டு பேருக்குத் தேநீர்.

1-3-1937, திங்கள்

வேலையில் சேர்ந்தேன்.

மதர் நீண்ட பதிவேட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பெயர், வயது, படிப்பு. பிறகு, “கணவர் தொழில்? பாரிஸ்டர் அல்லவா?” என்று பேனாவை மையில் தோய்த்தார்.

“இல்லை மதர். சினிமாவில் நடிக்கிறார்.”

மதர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்ன வேஷம்?”

“செத்துப்போகிற வேஷம். ஆனால் பத்தாம் தேதி கப்பல் ஏறுகிறார்.”

மதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா, வேறு எதையாவது அடக்கினாரா என்று தெரியவில்லை. பிறகு அந்தக் கட்டத்தில் ‘பிரயாணத்தில்’ என்று எழுதி ஒற்றுத்தாளால் ஒற்றினார்.

மணி அடித்தது. மூன்றாம் பாரம், ‘பி’ பிரிவு. முப்பத்தெட்டுப் பெண்கள். நான் வராந்தா முனையில் திரும்பும்போதே அவர்கள் சத்தம் எட்டூருக்குக் கேட்டது.